அம்புஜவல்லி டிரான்ஸ்போர்ட்

தொட்டிக்குறிச்சிக்கு வருகிற பஸ் ஒவ்வொரு முறை நின்றுபோனபோதும் அதற்கு முதல் நாள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் விழா நடந்திருக்கிறது. பந்தல் போடுவார்கள், வாழை மரம் கட்டுவார்கள், பஸ்ஸின் நெற்றிக்கு மாலை சாத்திப் பூசணிக்காய் உடைப்பார்கள். இந்தத் தடம் இன்று முதல் இன்ன கம்பெனியிடமிருந்து இன்ன கம்பெனியின் கைக்கு மாறுகிறது என்று மைக்கில் அறிவிப்பார்கள். கைதட்டல் அடங்கியதும் பஸ் ஷெட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் பேப்பரில் விழாப் படத்தைப் பார்த்தாலே தொட்டிக்குறிச்சிக்காரர்கள் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிடுவார்கள். நடக்க வேண்டியிருக்குமே.

இதெல்லாம் தனியார் தட மறுவழங்கல் வாரியம் வந்த பிறகு ஏற்பட்ட வளர்ச்சி. அதற்கு முன்னால் செங்கழனி மோட்டார்ஸ் என்கிற ஒரே கம்பெனி, கம்மாபுரத்துப் பக்கத்து ஊர்களைத் தொட்டுக்கொண்டு விருத்தாசலம் வரைக்கும் ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது. மழை வந்தால் பஸ்ஸுக்குள் குடை பிடிக்க வேண்டும். ஆனாலும் குடை பிடித்துக்கொண்டு உட்கார ஒரு பஸ் இருந்தது. ஒரே கம்பெனி ஒரே தடத்தில் இத்தனை வருடம் ஓட்டுவது தேக்கநிலை என்று வாரியம் கண்டுபிடித்தது. தடம் ராஜகம்பீரம் டிராவல்ஸுக்குப் போனது. அவர்கள் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காயும்வரை வெளியே எடுக்கவில்லை. அது காய்ந்து முடிப்பதற்குள் தடம் சென்னையிலிருந்து வந்த நெக்ஸ்ட்வே மொபிலிட்டிக்குப் போய்விட்டது.

நெக்ஸ்ட்வேக்காரர்கள் பஸ்ஸைப் போனில் விட்டார்கள். போனைத் திறந்தால் ஒரு பச்சைப் புள்ளி ஏரிக்கரை வளைவைத் தாண்டி, ரைஸ்மில்லைத் தாண்டி, தொட்டிக்குறிச்சி ஸ்டாப்பில் வந்து நின்று, புறப்பட்டுப் போகும். ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் அந்தப் புள்ளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். புள்ளி போனதும் உங்கள் பயணம் எப்படி இருந்தது என்று போன் கேட்கும். கேள்வியை எப்படி மூடுவது என்று தெரியாமல், ஸ்டாப்பில் நின்ற கொளஞ்சியம்மாள் ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டாள். அந்த ஆண்டு மிகச் சிறந்த பயண அனுபவம் தந்த தடம் என்று தொட்டிக்குறிச்சித் தடத்துக்கு வாரியம் ஒரு கேடயம் கொடுத்தது.

கொளஞ்சியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரிதான் அம்புஜவல்லி. விருத்தாசலத்தில் சனாவுல்லா பாயின் செராமிக் யூனிட்டில் வேலை. சூளைக்குப் போகும் முன் அகல் விளக்குகளையும் பொம்மைகளையும், பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலவைத் தொட்டியில் முக்கி, சொட்டு விழாமல் எடுத்து அடுக்குவாள். அவள் புருஷன் பெயர் பாவாடை. நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். விடியும் முன்பே தன் மொபெட்டில் எதிர்த்திசையில் போய்விடுவான். அதனால் அம்புஜவல்லிக்கு பஸ்தான் கதி. பஸ் நின்ற பிறகு டிராக்டர், பால் வண்டி, மணல் லாரி என்று கைகாட்டி ஏறினாள். சேத்தியாத்தோப்பு சந்தைக்குப் போய்த் திரும்பும் ஆட்டு வண்டியில்கூட ஒருமுறை வந்தாள். எதில் வந்தாலும் நேரத்துக்கு வர முடியவில்லை.

சனாவுல்லா பாய் கோபக்காரர் அல்ல. கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "நான் வேணா ஒனக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன் அம்புஜம். சூளை காத்துக்கிட்டு இருக்காது." ஜங்ஷன் ரோட்டில் குடியிருக்கும் ஒரு பெண் இந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், கார்த்திகைச் சரக்கு சூளை ஏறும்வரை பார்ப்பதாகவும் சொல்லி முடித்தார். அன்று மத்தியானமே அம்புஜவல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனாள்.

வாரியத்தில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. முதலாவதில் 'வெளியேறும் நிறுவனம்' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் 'வரும் நிறுவனம்'. மூன்றாவதில் 'வரலாமா வேண்டாமா என யோசிக்கும் நிறுவனம்'. பயணிகளுக்கென்று ஜன்னல் இல்லை. சும்மா இருந்தது மூன்றாவது ஜன்னல்தான். அங்கே ஆனந்தராஜ் என்கிற கிளார்க் உட்கார்ந்திருந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

"கம்பெனி இல்லிங்க. நான் பஸ்ஸுல ஏறுறவ."

ஆனந்தராஜ் எழுந்து நின்றே பார்த்தார். வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பயணி என்று ஒருவரை நேரில் கண்டதில்லை. மரியாதைக்காரர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவளை ஏதாவது ஒரு வகையில் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடப் பாடுபட்டார். உள்ளே வந்தவர் எவரும் டோக்கன் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது விதி. டோக்கன் வேண்டுமானால் கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது அதற்கடுத்த விதி.

"ஒங்களுக்கு பஸ்ஸு வரணுமா, போவணுமாம்மா?"

"வரணுங்க."

'வரும் நிறுவனம்' என்ற கட்டத்தில் ஆனந்தராஜ் டிக் அடித்தார். அதன் பிறகு கம்ப்யூட்டரே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் வாசிக்க வாசிக்க அவள் பதில் சொன்னாள்.

"எத்தனை பஸ்ஸு?"

"ஒண்ணு வந்தா போதுங்க."

"இந்தத் தடத்துல எத்தனை வருச அனுபவம்?"

"இருவத்திரண்டு வருசமா போயிட்டு வரேங்க."

"விபத்து எதுனா உண்டா?"

"ஒரு தடவ படியில வழுக்கி வுழுந்தேன். பெருசா அடி இல்லிங்க."

சிறு விபத்து ஒன்று, உயிர்ச்சேதம் இல்லை என்று ஆனந்தராஜ் பதிந்தார். நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் நகர மறுத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'அம்புஜவல்லி டிரான்ஸ்போர்ட்' என்று தட்டினார். இது டோக்கனுக்காகத்தான், மனதில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அவள் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பஸ்ஸுக்கு மனுக் கொடுத்தாகிவிட்டது என்று கொளஞ்சியம்மாளிடம் சொன்னாள்.

பத்து நாள் கழித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கடலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். அம்புஜவல்லியோடு தொட்டிக்குறிச்சியிலிருந்து பதினைந்து பேர் டிராக்டரில் போனார்கள். மண்டபத்தின் உள்ளே கம்பெனிகளுக்கு மட்டும்தான் இடம், பொதுமக்கள் வெளியே சாமியானாவில் உட்கார வேண்டும் என்று வாசலில் நிறுத்தினார்கள். டோக்கன் இருந்ததால் அம்புஜவல்லியை மட்டும் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்பினார்கள். சாமியானாவில் இருந்தவர்களின் கருத்தைக் கேட்க மைக் வைக்கப்படவில்லை. அதிகாரிகளின் கருத்தை அவர்கள் கேட்பதற்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார்கள்.

தட மறுவழங்கல் அலுவலர் மாணிக்கவேல் பேச எழுந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் பழமலைநாதர் கோயில் விபூதி. அவர் பேச்சில் ஒளிவுமறைவே இல்லை.

"பஸ் ஓட்டுவது பெரிய காரியம் அல்ல. நாடு முழுக்க யார் யாரோ ஓட்டுகிறார்கள். ஆனால் ஒரு தடத்தைக் கைமாற்றுவது இருக்கிறதே, அது ஒரு கலை. மூன்றே வருடத்தில் இந்தத் தடத்தை மூன்றாவது முறையாக இன்று கைமாற்றப் போகிறோம். பக்கத்து மாவட்டத்தில் பழைய கம்பெனியே இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருக்கும் அதிகாரி எனக்கு நண்பர்தான். அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது."

கைதட்டல் எழுந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சென்ற ஆண்டு இந்தத் தடத்தில் விபத்து பூஜ்யம். நெரிசல் பூஜ்யம். புகை பூஜ்யம். படிக்கட்டுப் பயணம் பூஜ்யம். பஸ்ஸை ஓட்டியிருந்தால் இதில் ஒன்றையாவது எட்டியிருக்க முடியுமா என்று நீங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும்."

நெக்ஸ்ட்வேக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அதன் பிறகு புதிதாகத் தடம் கேட்டவர்களின் தகுதிகளைத் திரையில் போட்டார்கள். ஒரு கம்பெனிக்கு அனுபவமே இல்லை. இன்னொன்று சேலம் பக்கத்தில் ஒரு தடத்தில் பஸ்ஸை நிஜமாகவே ஓட்டிப் பல புகார்களை வாங்கியிருந்தது. மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. இருபத்திரண்டு வருட அனுபவம், புகார் இல்லை, விதிமீறல் இல்லை, மகளிர் நிறுவனம். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்புஜவல்லியும் யாரோ என்று திரும்பிப் பார்த்தாள்.

பெயரைக் கூப்பிட்டு அழைத்ததும் அவள் மேடை ஏறினாள். சால்வையைப் போர்த்த வந்த மாணிக்கவேலிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, எங்கிட்ட பஸ்ஸு கெடையாதுங்க."

மாணிக்கவேல் மைக்கைக் கையில் எடுத்தார். இதற்கு முன் தடம் வாங்கிய எந்த நிறுவனமும் இந்த உண்மையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை என்று தழுதழுத்தார். வெளிப்படைத்தன்மைக்காக அவளுக்குக் கூடுதலாக ஐந்து மதிப்பெண் போட்டார்கள். பஸ் வரணும் என்று சொல்லத்தான் வந்தேன் என்று அவள் மறுபடி முணுமுணுத்தது நிருபர் ஒருவரின் காதில் அரைகுறையாக விழுந்தது. மறுநாள் பேப்பரில் '"பஸ் வரும்": புதிய பெண் உரிமையாளர் உறுதி' என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

பாவாடை அந்தப் பேப்பரை டீக்கடையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போட்டாயா என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. வாரியத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டதாக அவள் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"சுரங்கத்துக்கு எடுக்கறப்ப கையெழுத்துப் போட்டவனுக்கெல்லாம் நெலம் போச்சு. கையெழுத்துப் போட்டு பஸ்ஸு வந்தது நம்ம ஊர்ல ஒனக்குத்தான்."

பஸ் எங்கே வந்தது என்று அவள் கேட்டாள்.

அன்றிலிருந்து அம்புஜவல்லியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வழக்கம்போல ஸ்டாப்பில் நின்றதும், பஸ் விடாத படுபாவி எவன் என்று வாய் தன்னால் திட்ட ஆரம்பித்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "ஓனரு நீதான? ஒன் பஸ்ஸு ஏன்டி வரல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே வந்து, சோறு ஆக்கினாயா என்று விசாரித்துவிட்டும் போனாள். வாரியம் அவளுடைய போன் நம்பரையே புகார் எண்ணாக அறிவித்திருந்தது. செங்கழனி மோட்டார்ஸ் காலத்தில் பஸ்ஸில் விட்ட குடையைக் கேட்டு ஒருவர் போன் செய்தார். தினமும் செய்தார். நான்காவது நாள் அவள் தன் குடையைக் கொடுத்தனுப்பி அந்தப் புகாரைத் தீர்த்துவைத்தாள்.

யூனிட்டிலும் நிலைமை கெட்டது. பஸ் கம்பெனி ஓனரம்மாவே பஸ் வரவில்லை என்று லேட்டாக வரக்கூடாது என்று சனாவுல்லா பாய் சிரிக்காமல் சொன்னார். வேலையைக் கேட்டுக்கொண்டிருந்த ஜங்ஷன் ரோட்டுப் பெண் ஒரு நாள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டும் போனாள்.

வாரியத்திலிருந்தும் ஒரு விளக்கம் கேட்டு ஆள் வந்தது. பஸ் ஏன் ஓடவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. இத்தனை நாளாகக் கொடியசைப்பு விழா ஏன் நடத்தவில்லை என்று கேட்டார்கள். விழா நடத்த பஸ் வேண்டுமே என்று அவள் சொன்னதும், அதுவா விஷயம் என்று மாணிக்கவேலே ஏற்பாடு செய்துவிட்டார். ராஜகம்பீரம் ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்த அந்தப் பழைய பஸ்ஸையும், முன்பு இதே தடத்தில் ஓட்டிய திருமால் என்கிற டிரைவரையும் விழாவுக்கு வாடகைக்குப் பிடித்தார். பக்கவாட்டில் 'அம்புஜவல்லி டிரான்ஸ்போர்ட்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள்.

விழா விமரிசையாக நடந்தது. ஒரு முக்கியப் பிரமுகர் பச்சைக் கொடியை மூன்று கோணத்தில் மூன்று முறை அசைத்தார். அம்புஜவல்லியின் கழுத்தில் சம்பங்கி மாலையைப் போட்டு டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரவைத்தார்கள். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, கூட்டத்தின் கண்ணுக்கு மறைந்து, பாலக்கரையைத் தாண்டியதும் திருமால் வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, எறங்கிக்குங்க. விழாவுக்கு மட்டுந்தான் பேச்சு. ஷெட்டுக்குப் போவணும்."

அம்புஜவல்லி உடனே எழுந்துவிட்டாள். இறங்கச் சொன்னால் இறங்கிப் பழகிய உடம்பு. படி வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்றாள். வெளியே வெயில் கொளுத்தியது. இந்த மாலையும் கழுத்துமாக எந்த மணல் லாரிக்குக் கைகாட்டுவது என்று யோசித்தாள். வரும் வரும் என்று மூன்று வருடமாகத் தெருவில் நின்றாகிவிட்டது. இப்போது நிஜமான பஸ்ஸுக்குள், நிஜமான சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இறங்கினால் இன்னொரு பஸ்ஸில் எப்போது ஏறப்போகிறோம் என்பதற்கு எந்த ஜன்னலிலும் பதில் கிடைக்காது. அவள் திரும்பிப் போய் அதே சீட்டில் உட்கார்ந்தாள்.

"இந்த பஸ்ஸு யாருதுன்னு மைக்குல சொன்னாங்க?"

"ஒங்களுதுன்னு சொன்னாங்க."

"நீ கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"அப்ப எடு வண்டிய. தொட்டிக்குறிச்சிக்குப் போவணும்."

ஷெட்டில் மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று திருமால் இழுத்தான். ஓனரம்மா சொன்னார்கள் என்று சொல்லச் சொன்னாள். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. தவிர, வருடக்கணக்காக விழாக்களில் நூறு அடி மட்டும் ஓட்டிக் காட்டிய கைக்கு ஒரு முழு ரோடு தேவைப்பட்டது. கியரைப் போட்டான்.

தொட்டிக்குறிச்சி ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றபோது யாரும் ஏற வரவில்லை. எல்லாரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். போனில் எந்தப் புள்ளியும் இல்லை. கொளஞ்சியம்மாள்தான் கிட்டே வந்து, பஸ்ஸின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. உடனே அவள் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்தாள். எங்கே போகிறாய் என்று அம்புஜவல்லி கேட்டதற்கு, போகிற இடத்துக்குத்தான் என்று பதில் சொன்னாள்.

அன்று ராத்திரி பஸ் தொட்டிக்குறிச்சியிலேயே தங்கியது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருமால் அதை எடுத்தான். அதற்கடுத்த நாளும் எடுத்தான். வாரியம்தான் வாடகையை நீட்டித்திருக்கிறது என்று ராஜகம்பீரம் மேனேஜர் நினைத்துக்கொண்டார். அம்புஜவல்லி அந்த பஸ்ஸை விலைக்கு வாங்கிவிட்டதாக வாரியம் நினைத்துக்கொண்டது. பஸ் யாருடையது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. கண்டக்டர் வேலையைக் கொளஞ்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். அவளிடம் டிக்கெட் வாங்காமல் இறங்கியவர் கிடையாது. வசூலில் டீசலும் திருமாலின் படியும் போக மிச்சம் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் அதற்கும் ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டார்.

அம்புஜவல்லி எட்டு மணிக்கு முன்பே தொட்டியடியில் நின்றாள். ஜங்ஷன் ரோட்டுப் பெண்ணுக்கு வேறு யூனிட்டில் பொம்மைக்குக் கண் வரையும் வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தாலுகா ஆபீசுக்கு நிலத் தகராறு என்று நடந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று பஸ் நிறைந்தது. பாவாடைகூட லீவு நாளில் காரணமே இல்லாமல் விருத்தாசலம் வரை போய்விட்டு வந்தான். பெண்டாட்டியின் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்ததுதான் அவனுக்கு வருத்தம்.

இரண்டு மாதம் கழித்து வாரியத்தின் ஆய்வுக் கூட்டத்தில் இடி விழுந்தது. பூஜ்யமாக இருந்த இடங்களில் எல்லாம் எண்கள் வந்திருந்தன. புகை வந்திருந்தது, நெரிசல் வந்திருந்தது, படிக்கட்டுப் பயணம் திரும்பிவிட்டது. ஒரு புகாரும் இருந்தது. பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடுவதால் தன்னால் பிடிக்க முடியவில்லை என்று ஒருவர் வாரியத்துக்கே வந்து எழுதிக் கொடுத்திருந்தார். மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

ஆனந்தராஜிடம் அவர் மனம் விட்டுப் பேசினாராம். "இருபது வருடச் சர்வீஸில் இப்படி ஒரு அசம்பாவிதம் நடந்ததில்லை. நம்மைக் கேட்காமல் ஒரு பஸ் ஓடுகிறது என்றால் அப்புறம் நாம் எதற்கு என்று நாளைக்கு ஒருவன் கேட்பான்."

தடத்தை உடனே கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு மாற்றுவது என்று முடிவானது. பந்தலுக்குச் சொல்லி, பிரமுகரிடம் தேதி வாங்கி, மறுநாள் காலை ஆறரை மணிக்கு நல்ல நேரம் பார்த்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆனந்தராஜ் ஒரு சிக்கலைச் சொன்னார். வெளியேறும் நிறுவனத்தின் உரிமையாளர், அலுவலரின் முன்னிலையில், தன் கைப்படக் கையெழுத்திட்டால் ஒழியத் தடம் மாறாது. அந்த விதியை எழுதியவர் மாணிக்கவேல்தான். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவரே யூனிட்டுக்குக் கிளம்பி வந்தார். ஜீப்பை, பிரமுகரை அழைத்துவர நேராகக் கடலூருக்கு அனுப்பிவிட்டார்.

அம்புஜவல்லி தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளைக் கிளேஸ். கையெழுத்து என்றதும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"கை காயட்டும்ங்கய்யா. இப்புடியே போட்டா காயிதம் வீணாயிடும்."

அவருக்கு ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்காரவைத்து சனாவுல்லா பாய் டீ வரவழைத்தார். கை காய்ந்தபாடில்லை. ஒரு தட்டு விளக்கு முடிவதற்குள் அடுத்த தட்டு வந்தது. மாணிக்கவேல் சும்மா இருக்காமல் அவளுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். மாற்றம்தான் வளர்ச்சி, ஒரே பஸ் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே ஊருக்குப் போவதில் என்ன முன்னேற்றம் இருக்கிறது என்று கேட்டார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்று சொல்லியபடி முக்கி முக்கி எடுத்தாள். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மத்தியானம் அவள் அவ்வளவு விளக்கை முக்கி யாரும் பார்த்ததில்லை என்று சனாவுல்லா பாய் பின்னால் சொன்னார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் கையைக் கழுவினாள். மாணிக்கவேல் பேனாவைத் திறந்துகொண்டு எழுந்தார். அவள் அதற்குள் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"அம்மா, கையெழுத்து."

"பஸ்ஸு எடுத்துருவாங்கய்யா. யாருக்காவவும் நிக்காது. எனக்கே நிக்காது."

சொல்லிவிட்டு நிஜமாகவே ஓடினாள். அலுவலரும் காகிதத்தோடு பின்னால் ஓடினார். ஸ்டாண்டில் திருமால் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஏறி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. அம்புஜவல்லி பேச்சுத் தவறாதவள். பேனாவை வாங்கி, காகிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்தை ஆரம்பித்தாள். சுரங்க லாரிகள் உழுத ரோட்டில் பஸ் ஒரு குதி குதித்தது. 'அ' ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு கோடு காகிதத்தின் குறுக்கே ஓடி, அவருடைய வெள்ளைச் சட்டைக் கை வரைக்கும் போய் நின்றது. இரண்டாவது பிரதியிலும் அப்படியே ஆனது. மூன்றாவது பிரதி ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது.

கொளஞ்சியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து டிக்கெட் கேட்டாள். தான் யார் என்று மாணிக்கவேல் பதவியோடு சேர்த்துச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்றாள். கடைசியில் அவர் தொட்டிக்குறிச்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்தார்.

ஊர் வந்ததும் எல்லாரும் இறங்கி அவரவர் தெருவுக்குப் போனார்கள். திருமால் வண்டியை மரத்தடியில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அலுவலருக்கு ராத்திரிச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்றும், பாயும் தலையணையும் இருப்பதாகவும் அம்புஜவல்லி சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க நடந்தாள். காலை ஆறரைக்கு விருத்தாசலத்தில் விழா. மாணிக்கவேல் கோடு விழுந்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கொளஞ்சியம்மாளிடம், விருத்தாசலத்துக்குத் திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

"காலையில ஏழு மணிக்குங்க," என்றாள் அவள், பையிலிருந்த சில்லறையைச் சரிசெய்தபடி. "செத்த முன்னாடியே வந்து நின்னுடுங்க. நேரத்துக்கு எடுத்துருவோம்."